நிக்கல், டியூகோ, சில்வர்: பழைய காரின் உலோக அணிகள் சொல்லும் வரலாறு

மும்பையில் ஓடி ஓய்ந்த ஒரு பிரீமியர் பத்மினி டாக்ஸியின் பம்பரை நகத்தால் சுரண்டினால் முதலில் உதிர்வது கறுப்பு வண்ணம். அதன் கீழே பல வண்டிகளில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பூச்சு ஒன்று கிடக்கும். அதற்கும் கீழே செம்பழுப்புத் துரு, துருவின் இடையிடையே நிக்கலின் மங்கிய மஞ்சள் சாயல், எங்கோ ஒரு மூலையில் தொழிற்சாலையிலிருந்து வந்த குரோமியத்தின் எச்சம். பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்போர் இந்த அடுக்குகளைப் பெரும்பாலும் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர்: ‘ஒரிஜினல் போய்விட்டது’. வண்ணம் உரிக்கப்படுகிறது, உலோகம் அமிலத்தில் முக்கப்படுகிறது, புதிய குரோமியம் ஏறுகிறது. கார் பளபளக்கிறது. அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் பம்பர் எவ்வாறு உயிர்தரித்தது என்பதற்கான ஒரே சான்று வடிகாலில் கலந்துவிடுகிறது.

பம்பர், கிரில், விளக்கு வளையம், கதவோர பீடிங், கைப்பிடி, சக்கரத்தின் மூடி ஆகிய புற உலோக அணிகளுக்கு மறுவண்ணம் பூசுவது கைவினை சார்ந்த சிறு விஷயமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இந்தியத் தானுந்து வரலாற்றை எழுதியோர் தொழிற்சாலைகளையும் உரிமங்களையும் முதலாளிகளையும் பற்றி எழுதினர். பழுதுபார்ப்பின் வரலாறு ஓரத்தில் நின்றது. ஆயினும் அணிகளின் மேற்பரப்பில் நேர்ந்த மாற்றங்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘ஒரிஜினல்’ என்று இன்று போற்றப்படும் பளபளப்பும் அதன்மேல் பட்டறையில் பூசப்பட்ட வண்ணமும் ஒரே வகைக் காரணங்களால் பிறந்தவை: எந்த உலோகம் கிடைத்தது, எந்தச் சட்டம் அமலில் இருந்தது, யாருடைய உழைப்பு மலிவாக இருந்தது என்பனவே அவை.

1. பித்தளையிலிருந்து குரோமியம் வரை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கார்களின் அணிகள் பித்தளையால் ஆனவை. விளக்கு, ரேடியேட்டர், ஊதுகுழல் ஆகியன நாள்தோறும் துலக்கப்பட வேண்டியிருந்தன. துலக்குவதற்குத் தனி ஆள் வைத்திருந்தவர்களே அன்று கார் வைத்திருந்தனர் என்பதால் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கார் பரவலானபோது துலக்கும் ஆள் இல்லாத வீடுகளுக்கும் அது சென்றது. 1917ஆம் ஆண்டு மாதிரி முதல் ஃபோர்டு மாடல் டி காரில் பித்தளை ரேடியேட்டர் கைவிடப்பட்டுக் கறுப்புப் பூசிய எஃகு உறை வந்தது. உலோக அணியை வண்ணத்தால் மூடுவது ஏழையின் பட்டறையில் தோன்றிய உத்தி எனக் கருதுவோர், உலகில் அதிகம் விற்ற கார் ஒன்று நூறாண்டுக்கு முன்பே அதைச் செய்திருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பித்தளைக்குப் பின் நிக்கல் பூச்சு நிலைபெற்றது. நிக்கல் வெளுத்த மஞ்சள் சாயலுடையது. அதுவும் நாளடைவில் மங்கும். குரோமியம் 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் சைபீரியத் தாது ஒன்றை ஆராய்ந்தபோது அறியப்பட்டது. அதன் சேர்மங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பல நிறங்களைக் காட்டியதால் நிறத்தைக் குறிக்கும் ‘குரோமா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைந்தது. நிறத்தின் பெயரைச் சுமந்த உலோகம் நிறமற்ற ஆடியாகக் காரின் முகத்தில் அமர ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின. 1924இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ஃபிங்க், சார்லஸ் எல்ட்ரிட்ஜ் ஆகியோர் குரோமியத்தை மின்முலாமாக நம்பகமாகப் படியச் செய்யும் முறையை உருவாக்கினர். 1920களின் இறுதிக்குள் அமெரிக்கக் கார்களில் நிக்கலின் இடத்தைக் குரோமியம் பிடித்துவிட்டது. ஆயினும் நிக்கல் மறையவில்லை. அழகுக்கான குரோமிய முலாம் என்பது உண்மையில் நிக்கலின்மீது படிந்த ஒரு மெல்லிய திரை. நிக்கல் அடுக்கு பத்து முதல் முப்பது மைக்ரான் வரை இருக்கும். குரோமிய அடுக்கோ ஒரு மைக்ரானைக்கூட எட்டாது, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. துருவைத் தடுப்பது நிக்கல். குரோமியம் அதன் முகத்தை மங்காமல் காக்கிறது. பின்னாளில் இந்தியாவில் நேர்ந்த பலவற்றுக்கும் இந்த அடுக்கமைப்பே விளக்கம் தருகிறது.

2. சட்டம் பூசிய வண்ணம்

தொழிற்சாலையே தன் அணிகளுக்கு வண்ணம் பூசிய காலமும் உண்டு. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் நுழைந்தபோது குரோமியமும் நிக்கலும் போர்த்தளவாடங்களுக்குத் தேவைப்பட்டன. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பர் போன்ற சில உறுப்புகளைத் தவிர ஏனைய அணிகளில் பளபளப்பான உலோகம் தடைசெய்யப்பட்டது. பிப்ரவரி 10ஆம் நாளுக்குள் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. இடைப்பட்ட சில வாரங்களில் வெளிவந்த கார்களின் கிரில்லும் வளையங்களும் உடலின் நிறத்திலோ அதற்கு இயைந்த நிறத்திலோ வண்ணம் பூசப்பட்டிருந்தன. ‘பிளாக்அவுட்’ கார்கள் எனப் பின்னர் பெயர்பெற்ற இவற்றை இன்று புதுப்பிக்கும் ஒருவர் ‘ஒரிஜினலுக்கு’ மீட்க விரும்பினால் குரோமியம் ஏற்றக் கூடாது; வண்ணமே பூச வேண்டும்.

கொரியப் போர்க் காலத்தில் அதே தட்டுப்பாடு வேறு வடிவில் திரும்பியது. நிக்கல் கட்டுப்படுத்தப்பட்டதால் 1950களின் தொடக்க ஆண்டு அமெரிக்கக் கார்களில் போதிய நிக்கல் அடித்தளமின்றிக் குரோமியம் மெலிதாகப் படிந்தது; அதைக் காக்கத் தெளிந்த அரக்குப் பூச்சும் இடப்பட்டது. அந்த அணிகள் விரைவில் துருப்பிடித்துப் பெயர் கெட்டன.

மூன்றாவது தலையீடு பாதுகாப்பு விதியிலிருந்து வந்தது. 1968இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியொன்று ஓட்டுநரின் பார்வைக்குள் இருக்கும் வைப்பர் கைகள் போன்ற உலோக உறுப்புகள் ஒளியை எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யாதவாறு அமைய வேண்டும் என்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மங்கிய கறுப்பு, விளையாட்டுக் கார்களின் அடையாளமாகி, நாகரிகமாகவும் ஆகிவிட்டது. எனவே 1940களில் பற்றாக்குறையின் அறிகுறியாக இருந்த வண்ணம் பூசிய அணி, 1980களில் புதுமையின் அறிகுறியாயிற்று.

3. இந்தியாவில் பம்பர் ஏன் விரைவில் துருவேறியது?

இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களை ஒன்றிணைக்கத் தொடங்கியது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இலும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944இலும் தோன்றின. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1948இல் அமைந்தது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர இயலாது எனக் கொள்கை வகுக்கப்பட்டபின், 1950களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலையில் புதிய கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றில் ஒன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து உருவான அம்பாசடர் 1950களின் இறுதியில் வந்தது. 2014 வரை நீடித்தது. ஃபியட் 1100 டிலைட் 1964இல் வந்து, 1970களின் நடுவில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்று, அந்நூற்றாண்டின் இறுதிவரை உற்பத்தியானது.

இந்த மூன்று கார்களும் 1950களின் ஐரோப்பிய வடிவங்கள். அவ்வடிவங்கள் குரோமியத்தை மனத்தில்கொண்டு வரையப்பட்டவை. அகன்ற கிரில், வளைந்த பம்பர், விளக்கைச் சுற்றிய வளையம் என முகம் முழுவதும் பளபளப்பே அதன் இலக்கணம். அந்த இலக்கணத்தை நிறைவேற்றத் தேவையான உலோகம் இந்தியாவிடம் இல்லை. குரோமியத் தாது நிறைய இருந்தது: ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் 1949இல் அது கண்டறியப்பட்டது, நாட்டின் குரோமைட் இருப்பில் மிகப் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. ஆனால் துருவைத் தடுக்கும் நிக்கல் இறக்குமதியாக வேண்டும். அதே சுகிந்தாவின் மேல்மண்ணில் நிக்கலும் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் சுரங்கத் தொழில் நிலைபெறவில்லை. அந்நியச் செலாவணி எண்ணி எண்ணிச் செலவிடப்பட்ட காலத்தில் கார் அணிக்கான நிக்கலுக்கு என்ன முன்னுரிமை கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

விலையும் கட்டுப்பாட்டில் இருந்தது. 1969இல் அரசு கார் விலையை ஆணை மூலம் நிர்ணயித்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. காரின் தரத்தை ஆராய அரசே ஒரு குழுவை அமைக்கும் நிலையும் 1960களின் பிற்பகுதியில் உண்டாயிற்று. வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சந்தையில், விலையை உயர்த்தவும் இயலாத உற்பத்தியாளர் செலவைக் குறைக்க எங்கே கைவைப்பார்? வாங்கும் நாளில் குறை தெரியாத இடத்தில். முலாமின் தடிமன் அத்தகைய இடம். இருபது மைக்ரான் நிக்கலும் எட்டு மைக்ரான் நிக்கலும் காட்சியறையில் ஒரே மாதிரி மின்னும்.

வேறுபாட்டை மழைக்காலம் காட்டிக்கொடுத்தது. மெல்லிய குரோமியத்தில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல்கள் எப்போதும் உண்டு. நீரும் உப்பும் அவற்றின் வழியே நிக்கலை அடையும். நிக்கல் தடிப்பாக இருந்தால் அங்கேயே தடைபடும். மெலிதாக இருந்தால் துளையின் அடியில் எஃகு வெளிப்படும். நிக்கலைவிட எஃகு எளிதில் அரிபடும் இயல்புடையது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது எஃகே தன்னை இழக்கிறது. எனவே துளை ஒன்று உண்டானபின் முலாம் எஃகைக் காப்பதற்கு மாறாக அதன் அழிவை அந்த ஒரு புள்ளியில் விரைவுபடுத்துகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் மேலெழும்பி முலாமைத் தூக்குகிறது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய கடல்சார் நகரங்களின் கார்களில் பம்பர் முழுவதும் வேர்க்குரு போலப் புள்ளி எழுவதற்கான காரணம் இதுவே.

4. பட்டறையின் மொழி

இந்நிலையில் கார் உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருந்தன: புதிய பம்பர் வாங்குவது, பழையதை மீண்டும் முலாமிடுவது, வண்ணம் பூசுவது. முதலாவது விலை மிக்கது. இரண்டாவதற்கு ஊரில் முலாம் பட்டறை வேண்டும். மூன்றாவது எந்தச் சாலையோரத்திலும் இயன்றது.

எளிதென்று தோன்றினும் இது நுட்பம் நிறைந்த வேலை. காரணம், ‘அணி’ என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு உலோகங்கள் ஒளிந்திருந்தன. பம்பர் முலாமிட்ட எஃகு. கைப்பிடியும் இலச்சினையும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பீடிங் சில கார்களில் துருப்பிடிக்காத எஃகு, சிலவற்றில் அலுமினியம். ஒவ்வொன்றும் வேறு விதமாக அழிகிறது. ஒவ்வொன்றையும் வேறு விதமாக அணுக வேண்டும். எஃகில் செம்பழுப்புப் புள்ளி எழும். துத்தநாகத்தில் வெண்பொடியோடு கொப்புளம் எழும். அதை ஆழமாகத் தேய்த்தால் உறுப்பே கரைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை தான் கெடாது. தன்னைத் தாங்கும் கதவுத் தகட்டின் துளைகளைச் சுற்றித் துருவை விரைவுபடுத்தும். ஆகவே தேர்ந்த பெயிண்டர் பீடிங்கைக் கழற்றாமல் வண்ணம் பூச மாட்டார். கழற்றினால்தான் பின்புறத் துரு தெரியும்.

குரோமியத்தின் கண்ணாடி வழவழப்பில் வண்ணம் பற்றாது என்பதே அடிப்படைச் சிக்கல். தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, வாட்டர் பேப்பரால் பளபளப்பு முற்றிலும் மறையும்வரை தேய்த்து, துருப்புள்ளியைச் சுரண்டி வெற்று உலோகத்தை வெளிக்கொணர்ந்து, உலோகத்தைச் சற்றே அரித்துப் பற்றும் பிரைமர் இட்டு, பள்ளங்களில் பட்டி பார்த்து, மீண்டும் தேய்த்து, அதன்பின்னரே நிறம் பூச வேண்டும். துருவை விட்டுவிட்டு மேலே பூசினால் அடுத்த மழைக்குள் அது மீண்டும் தலைகாட்டும். இந்தப் படிநிலைகளுள் எது செய்யப்பட்டது, எது தவிர்க்கப்பட்டது என்பதைப் பின்னாளில் உரியும் வண்ணத்தின் குறுக்குவெட்டு சொல்லிவிடும். பிரைமர் இல்லாத அடுக்கு அவசரத்தைக் காட்டும். இரண்டு முறை பட்டி பார்த்த அடுக்கு ஓர் உரிமையாளர் தம் காரை எவ்வளவு காலம் வைத்திருக்க எண்ணினார் என்பதைக் காட்டும்.

பட்டறையின் சொற்களிலும் இதேபோன்ற அடுக்குகள் உள்ளன. குரோமிய முலாமைப் பட்டறைக்காரர் பலர் இன்றும் ‘நிக்கல்’ என்றே அழைக்கின்றனர். குரோமியம் வருவதற்கு முந்தைய தொழில்நுட்பத்தின் பெயர் அதன்பின் வந்த பொருளின்மீது நிலைத்துவிட்டது. வேதியியல் நோக்கிலும் அது பெரும் பிழையன்று. முலாமின் பெரும்பகுதி நிக்கல்தானே. ‘முலாம்’ என்ற சொல் இன்னும் பழையது. ஒளிர்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து தோன்றி, பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. இரு மொழி அடிகள் மாறிமாறி வரும் செய்யுளுக்கும் பாரசீக இலக்கிய மரபில் அதே சொல்லே பெயர். ஒன்றன்மேல் மற்றொன்று படிந்து இரண்டும் தெரியும் பொருளைக் குறிப்பதில் அச்சொல் கவிதைக்கும் உலோகத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை.

தெளித்துப் பூசும் வண்ணத்தைக் குறிக்கும் ‘டியூகோ’வும் அத்தகையதே. டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தின் வணிகப் பெயர் அது. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்டு கார்களில் அது முதலில் இடம்பெற்றது. அதுவரை காருக்கு வண்ணம் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆனது. டியூகோ அதை மணிக்கணக்காகச் சுருக்கியது. நிறுவனப் பெயர் இந்தியாவில் பொதுப்பெயராகி, மரச்சாமான் மெருகு வரை பரவியது. வட இந்தியப் பட்டறைப் பலகைகளில் காணும் ‘டென்டிங்-பெயின்டிங்’ என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் ‘டென்ட்’ என்ற வினை ஒடுக்கு விழச் செய்வதைக் குறிக்கும். பட்டறையின் இந்தியிலோ ‘டென்டிங்’ என்பது ஒடுக்கெடுப்பது. தமிழ்நாட்டில் அதே வேலை ‘டிங்கரிங்’. கைவினைஞர் கடன்பெற்ற சொல்லையும் கடன்பெற்ற காரையும் ஒரே முறையில் நடத்தினர்: தம் தேவைக்கேற்பத் தட்டி நிமிர்த்திக்கொண்டனர்.

5. டாக்ஸியும் தகுதிச் சான்றும்

அணிகளுக்கு வண்ணம் பூசும் வழக்கத்தை மிகப் பரவலாக்கியது வாடகைக் கார். பம்பாயின் கறுப்பு-மஞ்சள் ஃபியட் டாக்ஸிகள் 1960களின் நடுப்பகுதியிலிருந்து ஓடின. கல்கத்தாவில் அம்பாசடர் அந்த இடத்தில் இருந்தது. வணிக வாகனம் குறித்த கால இடைவெளியில் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். மும்பையில் அதற்குப் ‘பாசிங்’ என்றும் தமிழ்நாட்டில் ‘எஃப்.சி.’ என்றும் பெயர். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் வண்டிக்கு வண்ணம் பூசுவது நாடெங்கும் ஒரு சடங்காகவே நிலைத்தது. உடலுக்குக் கறுப்பு பூசும்போது அதே டப்பாவில் எஞ்சியது பம்பருக்குச் சென்றது. கிரில்லுக்கும் விளிம்புக்கும் அலுமினியத் தூள் கலந்த ‘சில்வர்’ சென்றது. அந்தத் தூளின் நுண்தகடுகள் மீன்செதில்போல ஒன்றன்மேல் ஒன்று மேற்பரப்பில் படிந்து ஈரத்தை ஓரளவு தடுக்கும். எனவே சில்வர் பூச்சு குரோமியத்தின் போலியாக மட்டும் நின்றுவிடவில்லை. கெட்டுப்போன முலாமைவிட அது எஃகுக்கு மேலான காப்பாகவும் இருந்தது.

டாக்ஸிப் பம்பரின் அடுக்குகள் இவ்வாறு ஒரு நாட்காட்டியாகின்றன. மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல ஆண்டுகளைத் துல்லியமாக எண்ணிவிட இயலாது. ஆனால் ஓட்டுநர் ஒருவர் சட்டத்துக்கும் மழைக்கும் கடனுக்கும் இடையே வண்டியை எத்தனை முறை மீட்டெடுத்தார் என்பது அதில் பதிந்துள்ளது. அந்த ஓட்டுநர்கள் நாட்குறிப்பு எழுதி வைத்தவர்களல்லர். பெயிண்டர்கள் ரசீது கொடுத்தவர்களல்லர். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அந்தப் பூச்சு மட்டுமே.

6. தொட்டிக்கு அருகில் நின்றவர்கள்

குரோமியத்துக்கு மாற்றாக வண்ணம் பூசுவதைத் தரக்குறைவாகக் கருதும் மதிப்பீட்டில் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. அழகுக்கான முலாம் மரபாக ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கலந்த அமிலத் தொட்டியில் நிகழ்கிறது. அதில் செலுத்தப்படும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு மட்டுமே உலோகத்தைப் படியவைக்கிறது. எஞ்சியதன் பெரும்பகுதி நீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழ்களை எழுப்புகிறது. குமிழ் வெடிக்கும்போது அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் பரவுகிறது. தொட்டியருகே நிற்பவர் அதைச் சுவாசிக்கிறார். முலாம் தொழிலாளரின் மூக்கின் நடுத்தண்டில் துளை விழுவதும் தோலில் ஆறாப் புண் உண்டாவதும் மருத்துவ இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பதிவானவை. 1990இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பின் தனி அனுமதியின்றிக் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த இயலாது. தாது கிடைக்கும் சுகிந்தாவோ 2007இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

வண்ணமும் தீங்கற்றதன்று. தின்னரின் ஆவி, தெளிப்புத் துளி, பழைய பூச்சுகளில் இருந்த ஈயம் ஆகியவற்றை முகக்கவசமின்றிச் சுவாசித்த பெயிண்டர்களின் உடல்நிலையும் இக்கணக்கில் சேர வேண்டும். ஆனால் வண்ணத்தை மலிவானதென்றும் குரோமியத்தை மேன்மையானதென்றும் பிரிக்கும் பார்வை, இரண்டுக்கும் பின்னால் நின்ற உடல்களை ஒருங்கே மறைத்துவிடுகிறது. ‘ஒரிஜினல்’ பளபளப்பின் விலையில் தொட்டியருகே நின்றவரின் மூச்சும் அடங்கியிருந்தது; அது எந்த விலைப்பட்டியலிலும் ஏறவில்லை.

7. எது ஒரிஜினல்?

இவ்வினா இன்று அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. மும்பையில் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது; இருபது ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியோடு அந்த வகை டாக்ஸி சாலையிலிருந்து நீங்கியது. கொல்கத்தாவில் 2008இல் உயர் நீதிமன்றம் பதினைந்து ஆண்டைக் கடந்த வணிக வாகனங்களுக்குத் தடை விதித்தது. ஒருபுறம் இவை உடைப்புக் களத்துக்குச் செல்கின்றன. மறுபுறம் 2021இல் நடுவண் அரசு வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் பேணப்பட்டு, அடிச்சட்டகம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாத வாகனங்களுக்கு அது பொருந்தும்.

அவ்விதி அணிகளின் வண்ணத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஆனால் ‘மூல வடிவம்’ என்ற தொடர் சந்தையில் விதியைவிடக் கடுமையாகப் பொருள்கொள்ளப்படுகிறது. கண்காட்சியில் பரிசு பெறவும் நல்ல விலை பெறவும் காட்சியறையிலிருந்து வெளிவந்த முதல்நாள் தோற்றம் எதிர்பார்க்கப்படுகிறது. அந்த முதல்நாளுக்குப் பின்வந்த ஐம்பது ஆண்டுகள் அழுக்கெனக் கணக்கிடப்படுகின்றன. இதன் விளைவு ஒரு முரண்: பத்மினியின் முதல்நாள் முலாம் மெலிதாக இருந்தது, இன்று ஏற்றப்படும் முலாம் பெரும்பாலும் அதைவிடத் தடிப்பானது, அதைவிட மின்னுவது. அந்தக் கார் ஒருநாளும் கொண்டிராத பளபளப்பு அதன் மூல நிலையெனக் காட்டப்படுகிறது.

தொல்பொருள் பாதுகாப்புத் துறை இந்தச் சிக்கலை முன்பே எதிர்கொண்டுள்ளது. கட்டடங்களைப் பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் ஒரு நினைவுச்சின்னத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த தகுந்த பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநிறுத்தியது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு அதைப் பின்பற்றி 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்பது அதன் உட்பொருள். கோயில் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் ஓவியத்தைத் தேடும் ஆய்வாளர், அந்தச் சுண்ணாம்பையும் எந்தக் காலத்தது எனக் குறித்துக்கொண்டே அகற்றுகிறார். டாக்ஸியின் பம்பருக்கும் அந்த மரியாதை பொருந்தும்.

துருவேறிய ஒவ்வொரு பம்பரையும் தொடாமல் வைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஓடும் காருக்குக் காப்பு வேண்டும். வண்ணம் உரியத்தான் செய்யும், மீண்டும் பூசத்தான் வேண்டும். ஆனால் உரிப்பதற்கு முன் ஒரு சிறு பரப்பைப் படிப்படியாகத் தேய்த்து, அடுக்குகளை வெளிக்கொணர்ந்து, அளவுகோலுடன் படமெடுத்து, பம்பரின் உட்புறத்திலேனும் உள்ளங்கை அளவு பழைய பூச்சை விட்டுவைப்பதற்கு அரை நாள் போதும். அந்தக் காருக்குக் கடைசியாக வண்ணம் பூசியவர் உயிரோடிருந்தால் அவரிடம் எந்தப் பிரைமர், எத்தனை கோட், எந்த ஆண்டு எனக் கேட்டுப் பதிவதற்கு இன்னும் சில மணி நேரம் ஆகும். இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றை எழுதும் மாணவருக்கு உரிமக் கோப்புகள் ஆவணக்காப்பகத்தில் காத்திருக்கும். பெயிண்டரின் நினைவு காத்திருக்காது.

அடுத்த முறை ஒரு பழைய ஃபியட்டின் கறுத்த பம்பரைக் காண்போர் அதன் உட்புறத்தைக் குனிந்து பார்க்கலாம். தெளிப்புத் துப்பாக்கி எட்டாத அந்த வளைவில் தூரிகையால் இழுத்த சில்வர் கோடு ஒன்று பெரும்பாலும் இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள் எனத் தெரிந்தும் ஒருவர் அங்கேயும் பூசியிருக்கிறார்.